"பாட்டிக்குக் கால் வலி போகணும்": ஆறு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்த ஒரு குடும்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தின் தத்தெடுப்புக்கான குடும்ப ஆய்வையும் அதற்குப் பிந்தைய கண்காணிப்பையும் செய்த சமூகப் பணியாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் பெற்றிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வளர்ந்த குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கும், எங்கள் துறையில் புதிதாக வருபவர்களுக்கும் பயன்படும் என்பதால்தான் இந்தப் பதிவு.

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய நகரம். கணவர் பம்புசெட்டு உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர்; சிகிச்சைக்காக வேலையை விட்டார். கணவரின் அம்மாவும் அவர்களுடனேயே இருக்கிறார். கல்யாணமாகிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் குழந்தை இல்லை. டெஸ்ட் டியூப் முறையில் மூன்று முறை முயன்றார்கள். ஒரு முறை கரு தங்கி, பத்தாவது வாரத்தில் கலைந்தது.

பிள்ளை வரம் கேட்டு டெல்டாக்காரர்கள் போகும் பாதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருக்கருகாவூரில் அம்மன் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டு, பிரசாத நெய்யை வாங்கி வந்து கணவனும் மனைவியுமாகச் சாப்பிடுவார்கள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுவார்கள். நாகூர் தர்காவுக்கும் போவார்கள். ஒரே வாரத்தில் மூன்றுக்கும் போய் வந்தவர்கள் உண்டு, அதில் யாரும் முரண்பாடு பார்ப்பதில்லை. இந்த வீட்டில் திருக்கருகாவூருக்கு மருமகளை அழைத்துப் போனதும், வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டியதும் மாமியார்தான்.

மூன்றாவது முயற்சியும் பலிக்காமல் போனபின் மனைவி பூஜை அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டார். "நான் கோபமா இல்லை மேடம். பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்" என்று முதல் சந்திப்பில் என்னிடம் சொன்னார். கணவருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. அவருடைய அப்பா கடைசிவரை கருப்புச் சட்டைக்காரர். "அப்பா கோயில் வாசலை மிதிச்சதில்லை, அம்மா போகாத கோயில் இல்லை. அதுக்காக ஒருநாளும் சண்டை போட்டுக்கிட்டதில்லை" என்பார்.

பதிவும் குடும்ப ஆய்வும்

2022 நவம்பரில் தத்தெடுப்புக்கான இணையதளத்தில் பதிவு செய்தார்கள். அப்போது கணவருக்கு 46, மனைவிக்கு 42, கூட்டினால் 88. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயது வரையிலான குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை 90, நான்கிலிருந்து எட்டுவரை 100. அதனால் கைக்குழந்தை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிரிவில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிறு குழந்தைக்கான வரிசை நீளம். பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள் ஏராளம். வளர்ந்த குழந்தைகளோ தங்களைக் கேட்பார் இல்லாமல் காப்பகங்களில் இருப்பார்கள். இதை விளக்கியபிறகு, சில மாதங்கள் யோசித்து, நான்கிலிருந்து எட்டு வயதுப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாமியாருக்கு இஷ்டமில்லை. "வளந்த பிள்ளை எப்படி ஒட்டும்?" என்றார். சரியான கேள்விதான், ஆனால் பதிலைக் கேட்க அவர் உட்காரவில்லை.

ஆய்வில் பண வசதி, உடல்நலம், வீடு எதிலும் குறை இல்லை. நான் யோசித்தது ஒரே ஒரு விஷயத்தை. ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு மனைவி சொன்னார்: "இத்தனை வருஷம் கேட்டதுக்கு ஒரு பதில் வேணும் மேடம். இந்தக் குழந்தை வந்துட்டா, எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருந்துச்சுன்னு நம்பிடுவேன்."

பலரும் இப்படிச் சொல்வார்கள். "ஆண்டவன் எங்களுக்காகவே அனுப்பின பிள்ளை" என்பார்கள். மனமார அப்படி நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தத்துக்கு வரும் குழந்தை எதையாவது, யாரையாவது இழந்த பிறகுதான் வருகிறது. அந்த இழப்பும் இவர்களுக்காகவே ஆண்டவன் ஏற்பாடு செய்ததா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, குழந்தைதான் கடவுள் தந்த பதில் என்று நினைக்கும் வீட்டில் அது அடம்பிடிக்கும் நாள் வந்தால், "கடவுள் ஏன் இப்படி ஒண்ணை அனுப்பினாரு" என்ற பேச்சு வர அதிக நேரம் ஆகாது.

விண்ணப்பத்தை நிராகரிக்க இது காரணமில்லை. தத்தெடுப்புக்குப் பரிந்துரைத்தேன். கூடவே தம்பதிக்குத் தனியாக ஆயத்த ஆலோசனை தேவை என்றும் எழுதினேன். அந்த ஆலோசனையில் மனைவியிடம் ஒரு கேள்வியை விட்டுவைத்தோம்: இந்தக் குழந்தை வந்தும் எந்த அர்த்தமும் கிடைக்காவிட்டால், அப்போதும் அதை வைத்துக்கொள்வீர்களா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நல்ல அறிகுறியாகவே பட்டது.

குழந்தை

2023 ஜூன் மாதம் ஒரு பெண் குழந்தையின் விவரம் வந்தது. வயது ஆறு, வட மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். அம்மா இறந்துவிட்டார். அப்பா யாரென்று பதிவில் இல்லை. வளர்த்த பாட்டிக்கு உடம்பு முடியாமல் போய், அவரே குழந்தைகள் நலக் குழுவின் (பராமரிக்க ஆளில்லாத குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பு) முன் வந்து ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைத்தவர் மனம் மாறினால் திரும்பப் பெற அறுபது நாள் அவகாசம் உண்டு. பாட்டி வரவில்லை. அதன்பின் குழந்தையைத் தத்துக்கு உரியவள் என்று குழு அறிவித்தது.

விவரம் வந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரவே ஒதுக்கிக்கொண்டார்கள். காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தார்கள், பேசினார்கள். ஐந்து வயது நிறைந்த குழந்தையிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் யோசித்துவிட்டு, "அங்க ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் சரி என்றாள். ஜூலையில், ஆணை வரும்வரையிலான தத்தெடுப்புக்கு முந்தைய பராமரிப்பில் வீட்டுக்கு வந்தாள். தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் தருவது 2022 செப்டம்பரோடு மாறிவிட்டதால், செப்டம்பர் மாதம் மாவட்ட ஆட்சியரிடமிருந்தே ஆணை வந்தது.

அவள் இருந்த காப்பகத்தை நடத்துபவர்கள் கிறிஸ்தவர்கள். இரவு படுக்கும் முன் குழந்தைகள் எல்லோரும் முட்டிபோட்டு ஜெபம் சொல்வது அங்கே வழக்கம். ஒரு வருடத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது.

முதல் மாதங்களில் கவனித்தவை

முதல் இரவே பாயில் முட்டிபோட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் அதிர்ந்து போனார். மறுநாளிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். குழந்தை பூசிக்கொண்டாள். இரவில் மறுபடியும் முட்டிபோட்டாள். பெயரை எண்கணிதப்படி மாற்ற வேண்டும் என்றும் மாமியார் சொன்னார்.

இரண்டு விஷயத்திலும் நான் கண்டிப்பாகவே சொன்னேன். பெயரை மாற்ற வேண்டாம், இனிஷியல் மட்டும் சேர்ந்தால் போதும். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். வீடு, சாப்பாடு, பேச்சு வழக்கு, படுக்கும் இடம் எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன பிள்ளைக்குப் பழையதில் மிஞ்சியிருப்பது பெயரும் அந்த ஜெபமும்தான். எந்த மதம் என்பது அப்போதைக்கு அவளுடைய பிரச்சினையே இல்லை. சட்டமும் இதில் தெளிவு: இந்தத் தத்தெடுப்பு நடந்த இளைஞர் நீதிச் சட்டத்தின்படி யாரும், எந்த மதத்தவரானாலும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் இருப்பதுபோல இரு தரப்பும் இந்துவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த வழியில் கிடையாது. கணவர் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் சாதி, மதப் பத்திகளை நிரப்பாமலே விட்டுவிட்டார். அப்பாவின் மகன்.

இனிஷியல் அவளுக்கு மிகவும் பிடித்துப் போனது. ஒரு நோட்டு முழுக்க, அட்டையில், ஓரத்தில், கணக்குப் போட்டதற்குக் கீழே என்று இனிஷியலோடு பெயரை எழுதி வைத்திருந்தாள். சில இடங்களில் இனிஷியலை அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். ஒட்டிப் பார்க்கிறாள், பிய்த்துப் பார்க்கிறாள், நல்லதுதான் என்று சொன்னேன்.

தலையணைக்கு அடியில் பிஸ்கெட் சேர்த்து வைப்பது, படுக்கையை நனைப்பது, சின்னத் தப்புக்கும் "என்னைத் திருப்பி விட்டுருவீங்களா?" என்று கேட்பது, இதெல்லாம் இருந்தது. வளர்ந்த குழந்தைகளிடம் எதிர்பார்த்ததுதான். முன்பே சொல்லி வைத்திருந்ததால் தம்பதி பதறவில்லை.

ஜெபத்தின் முடிவில் அவள் தானாக ஒரு வரி சேர்த்துக்கொள்வாள்: "பாட்டிக்குக் கால் வலி போகணும்." மாமியாருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், படியேற முடியாது. இந்த வரியைக் கேட்ட நாளிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். "வந்து ஒரு மாசம் ஆகலை, எனக்காகச் சாமிகிட்ட கேக்குது" என்று தெருவெல்லாம் சொன்னார். முட்டிபோடுவது பற்றிய முணுமுணுப்பும் நின்றது. மனைவிக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. குழந்தை வீட்டோடு ஒட்டிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எந்தப் பாட்டி

முதல் கண்காணிப்பு அறிக்கைக்காகப் போனபோது மாமியார் இதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை உள்ளேயிருந்து "அப்பாயி, காப்பி ஆறிடும்" என்று கூப்பிட்டாள். மாமியாரை வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள், வீட்டார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் பாட்டி யார்?

குழந்தையோடு தனியாக உட்கார்ந்தேன். நேரடியாகக் கேட்கவில்லை, முன்பு இருந்த வீட்டை வரையச் சொன்னேன். தகரக் கூரை, வாசலில் ஒரு குடம், கட்டிலில் ஒரு பெண்மணி. கால்களை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக வரைந்திருந்தாள். "பாட்டிக்குக் காலு வீங்கிரும். நான்தான் தைலம் தேய்ப்பேன். இப்ப யாரு தேய்க்கிறா?" என்று கேட்டாள்.

பெரியவர்கள் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டது, அவளுக்குத் தகவல் கேட்கும் ஒரே வழியாக இருந்திருக்கிறது. பாட்டியைப் பற்றிக் கேட்டால் புது அம்மா வருத்தப்படுவாள் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. சாமியிடம் கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

முதலில் தம்பதியிடம் சொன்னேன். மனைவி நொறுங்கிப் போனார். "நாங்க யாருமே அவ கணக்குல இல்லையா மேடம்?" என்றார். கணக்கில் இல்லை என்பதல்ல, பழைய கணக்கு இன்னும் முடியவில்லை என்றேன். மாமியாரிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம், கிழவி சந்தோஷமாக இருக்கட்டும் என்பது கணவரின் யோசனை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்றாவது ஒருநாள் குழந்தையே உடைத்துச் சொல்லும்போது, ஏமாற்றியவளாக அவள்தான் நிற்பாள். கணவரே அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு சில வாரங்கள் வீடு சரியாக இல்லை. "எவளோ ஒருத்திக்காக எங்க வீட்டுப் பாயில முட்டிபோடுது" என்று மாமியார் குழந்தையின் காதில் விழவே பேசினார். அந்த நாட்களில் படுக்கை நனைவது அதிகமானது, அது குறிப்பில் இருக்கிறது.

இரண்டாவது முடிவு, கேள்விக்குப் பதில் தேடுவது. இங்கே கவனமாக இருக்க வேண்டியிருந்தது. பெற்ற குடும்பத்தின் விவரமும் தத்தெடுத்த குடும்பத்தின் விவரமும் ரகசியம். ஒரு பக்கத்துக்கு மற்றொரு பக்கத்தைத் தெரியப்படுத்த முடியாது. ஆனால் பாட்டி உயிரோடு இருக்கிறாரா, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதை ஊர், பெயர் எதுவும் கைமாறாமல் விசாரிக்க முடியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் எழுத்தில் கேட்டோம், கோப்பில் பதிந்தோம். பாட்டி வந்து உரிமை கொண்டாடினால் என்ன செய்வது என்று மாமியார் பயந்தார். அறுபது நாள் கெடுவும் முடிந்து ஆட்சியரின் ஆணையும் வந்தபின் அப்படி ஒரு வழியே இல்லை என்று ஆணையை விரித்துவைத்து விளக்கினேன்.

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. பாட்டி இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, காலுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருகிறார். பேத்தி பள்ளிக்குப் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதை மட்டும் அவருக்குத் தெரிவித்தார்கள். புகைப்படம் எதுவும் போகவில்லை.

இதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியது நான் அல்ல, அம்மாதான் என்று முடிவு செய்தோம். பாட்டியைப் பற்றி இந்த அம்மாவிடம் பேசலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். குழந்தை கேட்டுவிட்டு, "அந்த அக்கா டெய்லி வராங்களா?" என்றாள். தினமும் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அம்மா மடியிலேயே தூங்கிவிட்டாள்.

தொடர்ந்து நடந்தவை

மாமியாரை நான் பேசி மாற்றினேன் என்று சொல்ல முடியாது. ஒரு மாலை அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குழந்தை தைலப் பாட்டிலை எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தாள். பழகிய கை. மாமியார் தடுக்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் யோசனை வேறு: யாராவது சொல்லிச் செய்தாளா? இல்லை என்று உறுதியான பிறகு, செய்யச் சொல்லவும் வேண்டாம், செய்தால் தடுக்கவும் வேண்டாம் என்றேன். ஆறு வயதுகூட ஆகுமுன் ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளை, இங்கும் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பிறகு வீட்டிலேயே ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு முட்டிக்கு அவள், இன்னொரு முட்டிக்கு அப்பா. கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வரவேண்டியதாயிற்று என்று கணவர் அலுத்துக்கொள்வார். கடவுள் விஷயத்தில் அவர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார். மாறியது கடை பூட்டும் நேரம்தான்.

2024இல் வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து கூட்டம் குறைந்தபின் குடும்பத்தோடு போய் வந்தார்கள். மாமியாரின் நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. "தொட்டில் கட்டிக் கேட்டவ நான்தானே. கொடுத்தவகிட்ட இந்தப் பிள்ளை முட்டிபோட்டா எனக்கு ஏன் வலிக்கணும்" என்றார். குழந்தையை அனுப்பியது யார் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சை நான் முன்பு கவலையோடு பார்த்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில், பாட்டியின் கதையையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு அவர் சொல்கிறார் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மனைவியின் கதைதான் நான் எதிர்பார்க்காதது. படுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள் என்று ஆலோசனையில் சொல்லியிருந்தோம், அதற்காகவே அவர் ஜெப நேரத்தில் உட்கார ஆரம்பித்தவர். பாட்டியின் செய்தி வந்த பிறகு ஒருநாள், குழந்தை தூங்கியபின் பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றியிருக்கிறார். "என்ன கேட்டீங்க?" என்று கேட்டேன். "எனக்குன்னு ஒண்ணும் கேக்கத் தோணலை மேடம். அந்தப் பாட்டிக்காகக் கேட்டேன். பெத்த மக போய், பேத்தியையும் தூக்கிக் கொடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். ஆலோசனையில் விட்டுவைத்த கேள்விக்கு அவர் கடைசிவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. 2024 ஜூனில் பழைய பள்ளியிலேயே மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகளுக்கான கண்காணிப்பு அறிக்கைகள் 2025 ஜூலையோடு முடிந்தன. பிஸ்கெட் சேர்ப்பது நின்றுவிட்டது. ஜெபம் இன்னும் உண்டு, ஆனால் தினமும் இல்லை. தூக்கம் வந்தால் விட்டுவிடுகிறாள். விபூதியும் பூசிக்கொள்கிறாள். எந்தச் சாமி என்று கேட்டால், "எனக்கு எல்லாம் பழக்கம்" என்கிறாளாம்.

நடைமுறையில் மாற்றியவை

வளர்ந்த குழந்தையின் ஆய்வறிக்கையில் தடுப்பூசி, எடை, படிப்பு எல்லாம் இருக்கும். இரவில் எப்படித் தூங்குகிறது, தூங்கும் முன் என்ன செய்கிறது, யார் பெயரைச் சொல்கிறது என்பது இருக்காது. காப்பகத்தில் இரவுப் பணியில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும், அவரிடம் யாரும் கேட்பதில்லை. இப்போது எங்கள் படிவத்தோடு ஒரு தனித் தாள் இணைக்கிறோம், அதை நிரப்புவது இரவுப் பணியாளர்.

ஆயத்த ஆலோசனைக்குத் தம்பதி மட்டும் வந்தால் போதாது. கூட்டுக் குடும்பத்தில் பகல் முழுவதும் குழந்தையோடு இருப்பது மாமியாரோ நாத்தனாரோதான். அவர்களிடம் சம்மதம் மட்டும் வாங்கிக்கொண்டு போவது சரிப்படாது. சாமி, சாப்பாடு, பெயர் மூன்றைப் பற்றியும் வீட்டுப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசுகிறோம். அசைவம் சாப்பிட்டுப் பழகிய குழந்தை சைவ வீட்டுக்குப் போவது எங்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல், இந்த வீட்டில் அது வரவில்லை.

வளர்த்தவர்கள் ஒப்படைக்கும்போது, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையாக இருந்தால், முறையாக விடைபெற நேரம் ஒதுக்கச் சொல்லிக் குழுவிடம் கேட்கிறோம். பாட்டி இவளிடம் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அழுதுவிடுவாள் என்று பயந்திருப்பார், அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நிதானமாகப் பேச வைக்க ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

இன்னும் முடிவாகாமல் இருப்பது

இரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் குழந்தை பாட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா, "பார்த்துட்டு வந்து ஏங்கிப்போவாளோ" என்று தயங்குகிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வயதானபின் தன் வேரைத் தேட அவளுக்கு உரிமை உண்டு, அதற்கு 2035 ஆகும். பாட்டியின் வயதையும் சர்க்கரை நோயையும் பார்த்தால் அதுவரை காத்திருக்கச் சொல்வது எந்த அளவுக்கு நியாயம் என்று தெரியவில்லை. முறைப்படி கோரிக்கையை எழுதி மாவட்ட அலகுக்கு அனுப்பியிருக்கிறோம். பாட்டியின் விருப்பத்தையும் கேட்கச் சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.